பழைய ஜிஐ குழாயோடு சிபிவிசி பைப்பை இணைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

எங்கள் வீடு 1980களில் கட்டியது. திருச்சிப் பக்கம், போர் தண்ணீர். சுவருக்குள் ஓடியதெல்லாம் ஜிஐ பைப், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய். காலையில் திறந்தால் முதல் வாளி செம்மண் கரைத்த மாதிரி வரும். ஒரு மழைக்காலத்தில் பாத்ரூம் சுவரில் ஈரம் பூத்தது. உடைத்துப் பார்த்தால் எல்போவுக்கு (பைப் திரும்பும் வளைவுக்கு) பக்கத்தில் பைப் அரித்துப் போயிருந்தது. மொத்த லைனையும் மாற்ற அப்போது கையில் பணம் இல்லை. கெட்டுப்போன ஆறடியை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, வெந்நீரும் தாங்கும் பிளாஸ்டிக் பைப்பான சிபிவிசி போட்டோம். சரியாக நாற்பதாவது நாள், நள்ளிரவில், இரும்பும் பிளாஸ்டிக்கும் சேர்ந்த இடம் பிளந்துகொண்டது. விடிவதற்குள் டேங்க் காலி, ஹாலில் கணுக்கால் அளவு தண்ணீர்.

உடைந்த அந்த ஃபிட்டிங்கை இன்னும் வைத்திருக்கிறேன். உள்மரை (உள்பக்கத்தில் திருகுப் புரி) போட்ட வெறும் பிளாஸ்டிக் அடாப்டர். வாய் விளிம்பில் தொடங்கி பைப்பின் நீளவாக்கில் தலைமுடி போல ஒரு கோடு. சோப்பு போல வழுவழுப்பான பிளாஸ்டிக்கில் நகத்தை வைத்துத் தடவினால்தான் கோடு தெரியும். சொல்யூஷன் (பைப் ஒட்டும் பசை) ஒட்டிய பக்கத்தில் ஒரு குறையும் இல்லை. இரும்பு மரை உள்ளே ஏறிய பக்கம் மட்டும் விரிந்து விட்டுப்போயிருக்கிறது. இந்த வேலையில் நடக்கும் கோளாறுகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்த ஒரு கோட்டிலேயே காரணம் இருக்கிறது. அதனால் முதலில் அதைச் சொல்லிவிட்டு வேலைக்குப் போகிறேன்.

இரும்பும் பிளாஸ்டிக்கும் ஏன் ஒத்துப்போவதில்லை

நம் ஊர் குழாய் மரையில் வெளிமரை, அதாவது பைப்பின் வெளிப்பக்கம் வெட்டிய மரை, நேராக இருக்காது. நுனியிலிருந்து உள்ளே போகப் போகத் தடிக்கும். 16 மி.மீ. நீளத்துக்கு 1 மி.மீ. விட்டம் கூடும். திருகத் திருக இறுகுவதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். இரும்பு சாக்கெட்டுக்குள் இரும்பு பைப் ஏறினால் இரண்டும் தாங்கும். பிளாஸ்டிக் சாக்கெட்டுக்குள் இரும்பு பைப்பை ஏற்றினால் அது ஆப்பு அடித்த மாதிரி. பிளாஸ்டிக் அப்போதைக்கு விரிந்து கொடுக்கும், சொட்டுக்கூட ஒழுகாது, பார்க்கத் திருப்தியாக இருக்கும். ஆனால் அந்த விரிக்கும் விசை அப்படியே உள்ளே நிற்கும். நாள்கணக்கில் நின்று ஒரு நாள் கோடாக வெளியே வரும்.

இரண்டாவது, சூடு. சிபிவிசி சூட்டுக்கு விரிவது இரும்பைப் போல ஐந்து மடங்குக்கும் மேல். 10 அடி நீள சிபிவிசியில் 30 டிகிரியில் இருந்த தண்ணீர் 60 டிகிரிக்கு ஏறினால் பைப் சுமார் 6 மி.மீ. நீளும். அதே நீள ஜிஐ பைப் நீள்வது 1 மி.மீ. அளவுக்குத்தான். இரண்டு முனையையும் சிமெண்ட் வைத்து இறுக்கிவிட்டால் அந்த 6 மி.மீ. போவதற்கு இடமில்லாமல் மரையைத்தான் போய் அழுத்தும்.

ஆகவே விதி இது: வெறும் பிளாஸ்டிக் எப்போதும் வெளிமரையாகவே இருக்கட்டும். அதாவது பிளாஸ்டிக் உள்ளே போக வேண்டும், இரும்பு வெளியே சுற்றிப் பிடிக்க வேண்டும். அப்போது பிளாஸ்டிக் விரியாது, அமுங்கும். அமுக்கத்தை அது நன்றாகவே தாங்கும். இரும்பு பைப்பின் வெளிமரைதான் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கிறது, வேறு வழியில்லை என்றால், உள்ளே பித்தளை மரை வார்த்த ஃபிட்டிங்தான் போட வேண்டும். பித்தளைக்குப் பத்து ரூபாயோ நூறு ரூபாயோ கூடப் போகும்; இந்த இடத்தில் மட்டும் கணக்குப் பார்க்க வேண்டாம்.

கடைக்குப் போவதற்கு முன்

ஹார்ட்வேர் கடையில் "அரை இஞ்ச் பைப் கொடுங்க" என்றால் மூன்று விதமான பைப் வரலாம், மூன்றும் ஒன்றோடொன்று சேராது. வெந்நீருக்கும் தண்ணீருக்கும் பொதுவான வெளிர் மஞ்சள் சிபிவிசியில் அரை இஞ்ச் என்றால் வெளிவிட்டம் 15.9 மி.மீ. தண்ணீருக்கு மட்டுமான வெள்ளை யுபிவிசியில் அரை இஞ்ச் என்றால் வெளிவிட்டம் 21.3 மி.மீ., ஜிஐ பைப் அளவேதான். தோட்டத்துக்கும் போருக்கும் போடும் சாம்பல் நிற பிவிசி 20, 25, 32 மி.மீ. என்று வெளிவிட்டத்தாலேயே பெயர் பெறும். ஆகவே ஃபிட்டிங்கை எந்தப் பைப்புக்கு வாங்குகிறீர்களோ அந்தப் பைப்பின் துண்டு ஒன்றைக் கையோடு எடுத்துப் போவது நல்லது. மரைப் பக்கத்தில் இந்தக் குழப்பம் இல்லை. அரை இஞ்ச் மரை எல்லாவற்றிலும் ஒன்றுதான்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. அரை இஞ்ச் ஜிஐ பைப்பின் உள்விட்டம் சுமார் 16 மி.மீ. அரை இஞ்ச் சிபிவிசியின் உள்விட்டம் 12.5 மி.மீ. பக்கம்தான். தண்ணீர் போகும் வாய் கிட்டத்தட்ட நாற்பது சதவீதம் சுருங்கிவிடுகிறது. பிரஷர் பம்ப் இருக்கும் வீட்டில் இது தெரியாது. மொட்டை மாடி டேங்கிலிருந்து தானாக இறங்கும் தண்ணீருக்கு, அதிலும் மேல் மாடி பாத்ரூமுக்கு, நன்றாகவே தெரியும். டேங்க் பத்தடி உயரத்தில் இருந்தால் கிடைக்கும் அழுத்தம் சதுர செ.மீ.க்கு 0.3 கிலோதான். "புது பைப் போட்டும் ஷவரில் தண்ணீர் வரலையே" என்று புலம்புவது இதனால்தான். அரை இஞ்ச் ஜிஐயை மாற்றும்போது முக்கால் இஞ்ச் சிபிவிசி போடுங்கள். அதன் உள்விட்டம் 18 மி.மீ. இருக்கும். ஒரு பக்கம் முக்கால் இஞ்ச் சிபிவிசி, மறுபக்கம் அரை இஞ்ச் மரை என்று அடாப்டர் தனியாகவே கிடைக்கிறது.

கடையில் எம்டிஏ என்றால் வெளிமரை அடாப்டர், எஃப்டிஏ என்றால் உள்மரை அடாப்டர். "பிளெயினா, பிராஸா?" என்று கேட்பார்கள். பிளெயின் என்றால் முழுக்க பிளாஸ்டிக். பிராஸ் என்றால் மரை மட்டும் பித்தளை. என் முடிவு இப்படி: டேங்க் அழுத்தத்தில் ஓடும் வெறும் தண்ணீர் லைனில், ஜிஐ சாக்கெட்டுக்குள் பிளெயின் எம்டிஏ போடலாம், நன்றாக உழைக்கும். வெந்நீர் லைன், பிரஷர் பம்ப் லைன், டாப் பொருத்தும் முனை, அடிக்கடி கழற்ற வேண்டிய இடம் என்றால் பிராஸ். எஃப்டிஏ போட்டே ஆக வேண்டும் என்றால் எங்கேயும் பிராஸ்தான்.

பித்தளையிலும் ஒரு சங்கடம் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். பித்தளையும் துத்தநாகம் பூசிய இரும்பும் தண்ணீரில் தொட்டுக்கொண்டிருந்தால், நாளடைவில் இரும்புதான் கரையும். உப்பு அதிகமுள்ள போர் தண்ணீரில் இன்னும் வேகமாக. செம்புக் குழாயோடு ஒப்பிட்டால் பித்தளையால் வரும் பாதிப்பு குறைவு. பல வீடுகளில் ஜிஐ பைப்பில் பித்தளை டாப் வருஷக்கணக்காக உட்கார்ந்திருக்கிறது. ஆனாலும் இணைப்பைச் சுவருக்குள் புதைக்க வேண்டிய கட்டாயம் இருந்தால் வெறும் தண்ணீர் லைனில் பிளெயின் எம்டிஏ போடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வாங்க வேண்டியவை: அடாப்டர்கள், சிபிவிசி பைப் (வெந்நீருக்குத் தடிமன் கூடிய எஸ்டிஆர் 11 ரகம், பைப் மேலேயே ஐஎஸ் 15778 என்று அச்சிட்டிருக்கும்), சிபிவிசிக்கான சொல்யூஷன், டெஃப்லான் டேப் நாலைந்து ரோல், ஒரு யூனியன் (பைப்பை அறுக்காமல் கழற்ற உதவும் இணைப்பு), ஒரு பால் வால்வு, கிளாம்ப், துருவைத் தடுக்கும் ரெட் ஆக்சைடு பெயிண்ட் கொஞ்சம். பிவிசி சொல்யூஷன் வீட்டில் மிச்சம் இருக்கிறது என்று சிபிவிசிக்கு அதைப் பூசாதீர்கள். தண்ணீரில் பிடித்த மாதிரி தெரியும், வெந்நீர் போனதும் விட்டுவிடும். பைப் ரிஞ்ச் இரண்டு வேண்டும். ஒன்று போதாது, ஏன் என்று கீழே வருகிறது.

ரம்பத்தை எடுப்பதற்கு முன்: எர்த் பாருங்கள்

இதைத் தாண்டிப் போகாதீர்கள். பழைய வீடுகளில் வீட்டு எர்த் கம்பியை தண்ணீர்க் குழாயில் கட்டிவிட்டிருப்பார்கள். ஜிஐ பைப் மண்ணுக்குள் இறங்குவதால் அதுவே எர்த்தாக வேலை செய்துவந்திருக்கும். நடுவில் ஓரடி பிளாஸ்டிக் போட்டால் அந்த எர்த் அறுந்துபோகும். அப்புறம் கீசரிலோ வாஷிங் மெஷினிலோ மின்கசிவு வந்தால் அது இறங்க வழியில்லாமல் டாப்பிலும் ஷவரிலும் நிற்கும். ஈரக்கையோடு தொடுவது நம் வீட்டுப் பிள்ளைகள்தான்.

மீட்டர் பெட்டியிலிருந்து வரும் செம்புக் கம்பியோ ஜிஐ கம்பியோ எங்காவது பைப்பில் கிளாம்ப் போட்டுக் கட்டியிருக்கிறதா என்று டேங்கிலிருந்து சம்ப் வரை பாருங்கள். இருந்தால் முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுத் தனி எர்த் குழி போடச் சொல்லுங்கள், மின்கசிவு வந்ததும் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி இல்லையென்றால் அதையும் வைக்கச் சொல்லுங்கள், அப்புறம் பைப் வேலை. வெட்டும் நேரத்திலும் மோட்டார், கீசர் எல்லாவற்றின் எம்சிபியையும் இறக்கிவிட்டுத்தான் பைப்பில் கை வைக்க வேண்டும். கசிவு ஓடிக்கொண்டிருக்கும் பைப்பை வெட்டி இரண்டு முனையையும் இரண்டு கையால் பிடித்தால் மின்சாரம் உங்கள் வழியாகப் போகும்.

தண்ணீரை நிறுத்தி வடிப்பது

டேங்க் அடி வால்வை மூடுங்கள். பல வருஷம் திருகாத கேட் வால்வு முழுதாக மூடாது. மூடின மாதிரி இருந்துகொண்டு சன்னமாக ஒழுகும். அந்த ஒழுக்கில் சொல்யூஷன் பிடிக்காது. அப்படியென்றால் டேங்கைக் காலி செய்துவிட்டு, முதல் வேலையாக அந்த வால்வையே மாற்றிவிடுவது உத்தமம். பிறகு லைனிலேயே மிகவும் கீழே இருக்கும் டாப்பையும் மேலே இருக்கும் ஒரு டாப்பையும் திறந்து வையுங்கள். மேலே காற்று போனால்தான் கீழே தண்ணீர் முழுக்க இறங்கும். கீசர் லைன் என்றால் கீசர் ஆறும் வரை காத்திருங்கள்.

நல்ல இரும்பைத் தேடுவது

ஒழுகிய இடத்திலேயே வெட்டி அங்கேயே இணைப்பது எல்லோரும் செய்யும் தவறு. ஒழுகிய இடத்தைச் சுற்றி இரும்பு ஏற்கெனவே பலவீனமாக இருக்கும். சுவரை இரண்டு பக்கமும் அரையடி கூடவே உடையுங்கள். திருப்புளிக் காம்பால் பைப்பைத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு மணி போலச் சொல்லும். அரித்த இடம் மொத்தென்று சொல்லும், கொப்புளம் போலத் துரு பொருக்கு உதிரும். நல்ல இரும்பு தொடங்கும் இடத்துக்குப் பிறகு வரும் முதல் ஃபிட்டிங், அதாவது சாக்கெட்டோ எல்போவோ டீயோ, அதில்தான் உங்கள் இணைப்பு. அந்த ஃபிட்டிங்கின் உள்மரை உங்களுக்குத் தேவை. பிளாஸ்டிக் வெளிமரை அதற்குள்தான் போகப்போகிறது.

இப்போது கெட்ட பைப்பை ஃபிட்டிங்கிலிருந்து சுமார் நான்கு இஞ்ச் விட்டு ஹாக்ஸாவால் அறுத்துவிடுங்கள். மிச்சமிருக்கும் துண்டைக் கழற்ற வேண்டும். இங்கேதான் இரண்டு ரிஞ்ச். ஒன்றால் ஃபிட்டிங்கை அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும், மற்றொன்றால் துண்டை இடப்பக்கமாகத் திருக வேண்டும். ஒரே ரிஞ்சோடு பலத்தைப் போட்டால் நீங்கள் கழற்ற நினைத்த மரை அப்படியே இருக்கும், சுவருக்குள் மூன்றடி தள்ளியிருக்கும் வேறொரு மரை விட்டுக்கொடுக்கும். அது அன்றைக்குத் தெரியாது. பக்கத்து ரூம் சுவரில் ஈரமாகப் பிறகு தெரியும்.

முப்பது வருஷ மரை சும்மா வராது. துரு இளக்கும் ஸ்பிரேயோ மண்ணெண்ணெயோ விட்டு, ஃபிட்டிங்கைச் சுற்றிச் சிறு சுத்தியலால் எதிரெதிர்ப் பக்கமாகத் தட்டி, ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் முதலில் கொஞ்சம் இறுக்கும் பக்கமாக அசைத்துவிட்டு, பிறகு கழற்றும் பக்கம் திருகுங்கள். அந்தச் சின்ன அசைவில் துருப் பிடி உடையும். 'டக்' என்று ஒரு சத்தம் ரிஞ்ச் காம்பு வழியாகக் கைக்குத் தெரியும். அதற்குப் பிறகு பொறுமையாகத் திருகினால் வந்துவிடும். துண்டு மரையோடு முறிந்து உள்ளேயே நின்றுவிட்டால், ஹாக்ஸா பிளேடைத் துணி சுற்றிக் கையில் பிடித்து, உள்ளே நிற்கும் துண்டில் மட்டும் இரண்டு கீறல் அறுத்து, சிற்றுளியால் உட்புறமாக மடக்கி எடுக்க வேண்டும். ஃபிட்டிங்கின் மரையில் பிளேடு படக் கூடாது. இந்த இடத்தில் கை தயங்கினால் பிளம்பரைக் கூப்பிடுவதே சரி. அவரிடம் டை செட் இருக்கும். சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் பைப்பிலேயே புது மரை போட்டுத் தருவார். அப்போது அது வெளிமரை என்பதால் பிராஸ் எஃப்டிஏ.

மரையைத் தயார் செய்வது

துண்டைக் கழற்றி எடுத்த ஃபிட்டிங்குக்குள் பழைய சணலும் வெள்ளைப் பசையும் கல்லாக இறுகியிருக்கும். கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, நுனி கூர்மையான ஆணியால் மரையின் பள்ளத்தோடே சுற்றிச் சுற்றிச் சுரண்டி எடுங்கள். மண்ணெண்ணெய், ஸ்பிரே எண்ணெய் எதையும் மிச்சம் வைக்காமல் சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்துக் காயவிடுங்கள். பெட்ரோலிய எண்ணெய்கள் சிபிவிசியை மெல்ல மெல்ல வெடிக்க வைக்கும். அதே காரணத்துக்காக சணலும் வார்னிஷ் மாதிரியான பழைய பசைகளும் பிளாஸ்டிக் மரையில் வேண்டாம். சணல் தண்ணீரில் ஊறினால் உப்பவும் செய்யும். இரும்புக்கு இரும்பு என்றால் அந்த உப்பல்தான் ஒழுக்கை அடைத்தது, அந்தக் காலத்துப் பிளம்பர்கள் அதில் கைதேர்ந்தவர்கள். பிளாஸ்டிக்குக்கு அந்த உப்பலே பகை.

டெஃப்லான் டேப் மட்டும் போதும். மரை நுனியை உங்கள் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, கடிகார முள் சுற்றும் திசையில் சுற்றுங்கள். மாற்றிச் சுற்றினால் திருகும்போது டேப் பிரிந்து கொத்தாக ஒதுங்கும். நுனியில் ஒரு மரையை வெறுமனே விட்டுவிட்டு இரண்டாவது மரையிலிருந்து தொடங்கினால், டேப் துணுக்கு பைப்புக்குள் போய் டாப்பை அடைக்காது. டேப்பைத் தளர்வாக விடாமல் மரையின் பள்ளம் மேலே தெரியும் அளவுக்கு இழுத்துச் சுற்ற வேண்டும். கடைகளில் வரும் மெல்லிய டேப் என்றால் பிளாஸ்டிக் எம்டிஏவுக்கு நாலைந்து சுற்று, பிராஸுக்கு எட்டு, பத்து சுற்று. பழைய மரை தேய்ந்திருந்தால் இரண்டு சுற்று கூட. முடித்ததும் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துவிடுங்கள்.

திருகுவது

முதல் இரண்டு மூன்று சுற்று விரலால் மட்டும். ரிஞ்ச் எடுத்துத் தொடங்கினால் கோணலாக மரை ஏறிக்கொள்ளும். பிளாஸ்டிக் மரை ஒருமுறை கோணலாக ஏறினால் அந்த ஃபிட்டிங் முடிந்தது. கையால் இறுக முடிந்த வரை இறுக்குங்கள். அங்கிருந்து பிளாஸ்டிக் என்றால் ஒரு சுற்று, அதிகம் போனால் ஒன்றரை. பிராஸ் என்றால் இரண்டு வரை போகலாம். பிராஸ் ஃபிட்டிங்கில் ரிஞ்சை அறுகோண பித்தளையில் மட்டும் பிடிக்க வேண்டும். பிளாஸ்டிக் உடம்பில் பிடித்துத் திருகினால் உள்ளே பித்தளை தனியாகச் சுழன்று, ஒழுக்குக்கு வழி திறந்துவிடும்.

இரண்டு மரை வெளியே தெரிகிறதே, இன்னும் கொஞ்சம் இறுக்கலாமா என்று தோன்றும். வேண்டாம். மரை முழுக்க உள்ளே போகத் தேவையில்லை. எல்போ வாய் சரியான பக்கம் பார்க்கவில்லை என்று பின்னால் திருப்பவும் கூடாது. கால் சுற்று பின்னால் வந்தாலே டேப் கிழிந்துவிடும். கழற்றிப் புது டேப் சுற்றித்தான் மறுபடி போட வேண்டும்.

பிளாஸ்டிக் பக்கம் ஒட்டுவது

எப்போதும் மரை வேலை முதலில், சொல்யூஷன் வேலை அப்புறம். ஒட்டிய பைப்போடு சேர்த்து அடாப்டரைத் திருக முடியாது என்பது ஒன்று. புதிதாக ஒட்டிய இணைப்பைத் திருகினால் அது உள்ளேயே கிழியும் என்பது மற்றொன்று.

பைப்பை நேராக வெட்டுங்கள், பிசிறை உள்ளும் புறமும் கத்தியால் எடுங்கள், விளிம்பை லேசாகச் சாய்த்துச் சீவுங்கள். சொல்யூஷன் இல்லாமல் சொருகிப் பார்த்தால் பாதி ஆழம் வரை போய் இறுக வேண்டும். லொடலொடவென்று அடி வரை போனால் அந்த ஜோடி சரியில்லை. முழு ஆழத்தை அளந்து பைப் மேல் பென்சிலில் கோடு போடுங்கள். பைப்பின் மேல் தாராளமாக, ஃபிட்டிங்கின் உள்ளே மெல்லியதாக சொல்யூஷன் பூசுங்கள். உள்ளே அதிகம் ஊற்றினால் அடியில் குட்டை கட்டி பைப்பையே இளக்கிவிடும். உடனே சொருகி, கால் சுற்று திருப்பி, கோடு வரை அழுத்தி, முப்பது எண்ணும் வரை பிடித்துக்கொள்ளுங்கள். விட்டால் பைப் மெல்லப் பின்னால் நழுவி வரும், அதனால்தான் இந்தப் பிடி. விளிம்பைச் சுற்றி மாலை போல சொல்யூஷன் பிதுங்கியிருந்தால் வேலை நன்றாக நடந்திருக்கிறது. ஒரு பக்கம் இடைவெளி தெரிந்தால் அங்கே பூச்சு விழவில்லை. பாத்ரூம் கதவு, ஜன்னல் திறந்திருக்க வேண்டும், பக்கத்தில் நெருப்பு கூடாது.

காயும் நேரம் டப்பாவில் போட்டிருப்பார்கள். நான் அதைப் பார்ப்பதோடு, சாயங்காலம் ஒட்டிவிட்டு மறுநாள் காலை வரை விட்டுவிடுவேன். வெந்நீரும் பிரஷர் பம்பும் என்றால் முழுதாக ஒரு நாள். மழைக்காலத்தில் இன்னும் கொஞ்சம்.

இணைப்புக்குப் பக்கத்திலேயே ஒரு யூனியன் வைத்துவிடுங்கள். பிளாஸ்டிக் பக்கத்தில், கைக்கு எட்டுகிற மாதிரி. நாளை மீதி ஜிஐயும் கெடும், அப்போது பைப்பை அறுக்காமல் கழற்றலாம். இரும்பின் பாரம் பிளாஸ்டிக்கில் தொங்கக் கூடாது. ஜிஐ முனைக்குத் தனி கிளாம்ப், சிபிவிசிக்கு மூன்றடிக்கு ஒரு கிளாம்ப். சிபிவிசி கிளாம்பை பைப் உள்ளே வழுக்கிப் போகும் அளவுக்குத் தளர்வாக விடுங்கள், முன்னே சொன்ன 6 மி.மீ. அங்கேதான் போகும். நீளமான வெந்நீர் லைனில் ஒரு இடத்தில் எல்போ போட்டுத் திருப்பி வளைவு கொடுத்துவிட்டால் இன்னும் நல்லது.

கீசர், டாப், மோட்டார்

கீசர் வாயில் நேராக பிளாஸ்டிக் அடாப்டரைத் திருகாதீர்கள். சிபிவிசி 93 டிகிரி வரை தாங்கும் என்பது உண்மை. ஆனால் தெர்மோஸ்டாட் கெட்டுப்போன அன்று கீசர் வாயில் அதற்கு மேலும் வரலாம். வலை பின்னிய ஸ்டீல் கனெக்ஷன் குழாயோ, அரையடி பித்தளை நிப்பிளோ (இரு முனையிலும் மரை உள்ள சிறு குழாய்) வைத்துவிட்டு, பிறகு பிராஸ் அடாப்டர். வெந்நீர்ப் பக்கம் வெள்ளை யுபிவிசி வரவே கூடாது. ஒரு வீட்டில் போட்டதைப் பார்த்தேன், ஒரே மாதத்தில் கயிறு தொங்குவது போல பைப் தொய்ந்திருந்தது. கீசரோடு வந்த சேஃப்டி வால்வை இடம் போதவில்லை என்று விட்டுவிடவும் கூடாது.

டாப் வரும் இடத்தில் பிராஸ் எல்போ. டாப்பை வருஷத்துக்கு ஒருமுறையாவது யாராவது கழற்றி மாட்டுவார்கள், பாத்திரம் தேய்க்கும்போது இழுப்பார்கள். வெறும் பிளாஸ்டிக் அதைத் தாங்காது. டைல்ஸ் தடிமனையும் கணக்கில் வைத்து எல்போ வாய் டைல்ஸ் முகத்துக்குச் சமமாக வரும்படி நிறுத்துங்கள். உள்ளடங்கிப் போனால் எக்ஸ்டென்ஷன் நிப்பிள் போட வேண்டிவரும், அது ஒழுக ஒரு கூடுதல் இடம்.

மோட்டாரின் டெலிவரி வாயில் ஓரடியாவது ஜிஐ நிப்பிள், அதற்குமேல் யூனியன், அப்புறம் பிவிசி. தண்ணீர் இல்லாமல் மோட்டார் ஓடினால் பம்ப் வாய் கொதிக்கும், அதிர்வும் அங்கேதான் அதிகம். மாடியில் வெயிலில் ஓடும் பிளாஸ்டிக் பைப்புக்கு வெளுப்பான நிறத்தில், தண்ணீரில் கலக்கும் எமல்ஷன் பெயிண்ட் இரண்டு கோட் அடியுங்கள். ஆயில் பெயிண்ட் வேண்டாம்.

தண்ணீர் விட்டுப் பார்ப்பது

முதலில் டாப்புகளின் வாயில் இருக்கும் ஜல்லடையைக் கழற்றிவிடுங்கள். தட்டியதிலும் அறுத்ததிலும் உதிர்ந்த துரு எல்லாம் இப்போது ஓடி வரும், ஜல்லடையில் சிக்கினால் இணைப்பு கெட்டுவிட்டதோ என்று தேவையில்லாமல் பயம் வரும். வாஷிங் மெஷினுக்குப் போகும் லைனை மூடியே வையுங்கள். கடைசி டாப்பைத் திறந்து வைத்து, டேங்க் வால்வைக் கால்வாசி மட்டும் திறவுங்கள். காற்று புஸ் புஸ்ஸென்று வெளியேறி, தண்ணீர் சீராகி, நிறம் தெளிந்ததும் டாப்பை மூடிவிட்டு வால்வை முழுக்கத் திறக்கலாம்.

காய்ந்த டிஷ்யூ காகிதத்தால் ஒவ்வொரு மரையையும் அடிப்பக்கமாகத் துடையுங்கள். கண்ணுக்குத் தெரியாத கசிவும் காகிதத்தில் தெரியும். மரையில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு சொட்டு என்றால் பிராஸைக் கால் சுற்று இறுக்கிப் பார்க்கலாம். பிளாஸ்டிக் என்றால் இறுக்காதீர்கள், கழற்றி டேப் மாற்றுங்கள். சொல்யூஷன் இணைப்பில் கசிந்தால் மேலே பூசி அடைக்க முடியாது. அந்தத் துண்டை வெட்டிப் புதிதாக ஒட்டுவதுதான் வழி. எபாக்ஸி களிம்பு அப்புவது ராத்திரி கடை இல்லாத நேரத்துக்கு மட்டும். இரும்பின் மரையில் வெளியே தெரியும் பகுதியைக் கழற்றும்போதோ டை போடும்போதோ துத்தநாகப் பூச்சு போயிருக்கும். கசிவு இல்லை என்று தெரிந்த பிறகு அங்கே ரெட் ஆக்சைடு பூசுங்கள், பிளாஸ்டிக்கில் படாமல்.

சுவரை உடனே பூசிவிடாதீர்கள். ஒரு வாரம் திறந்தே இருக்கட்டும். வெந்நீர் லைன் என்றால் அந்த ஒரு வாரமும் கீசரைத் தினமும் போட்டு, சூடும் ஆறுவதுமாகப் பழகட்டும். வாரக் கடைசியில் மறுபடி டிஷ்யூ. காகிதம் காய்ந்தே வந்தால், தரையிலிருந்தும் பக்கத்துச் சுவரிலிருந்தும் இணைப்பு எவ்வளவு தூரம் என்று அளவு டேப்பை விரித்து வைத்து, அளவு தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுங்கள். எங்கள் வீட்டில் அந்தப் போட்டோவை அச்செடுத்து மீட்டர் பெட்டிக் கதவின் உட்பக்கம் ஒட்டியிருக்கிறோம். அப்புறம் கொத்தனாரை வரச் சொல்லலாம். இணைப்பு இருக்கும் இடத்தில் மட்டும் பூசிவிடாமல், திருகி எடுக்கிற மாதிரி ஆறு இஞ்ச் சதுரத்தில் ஒரு மூடி வைக்கச் சொல்லுங்கள்.